புதுப்பிப்பு: மழைக்குப் பின் அணைந்துபோகும் பிஎஸ்6 பைக், இசியு மாற்றாமலே சரியானது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மழைக்குப் பிறகு என் பிஎஸ்6 (2020-இல் வந்த புகை விதிப்படி தயாரான) பைக் ஓடும்போதே அணைகிறது, இன்ஜின் விளக்கு எரிகிறது, சர்வீஸ் சென்டரில் இசியுவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தேன்.

ஃபியூயல் பம்ப், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இரண்டும் நன்றாகவே இருந்தன. பலித்தது 'எர்த் வயரைப் (பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடு இணைக்கும் வயர்) பாருங்கள்' என்று ஒருவர் சொன்ன யோசனை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்ஜின் உடம்பிலும் மல்டிமீட்டரை வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்தியபடி அளக்கச் சொல்லியிருந்தார் அவர். அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். எனக்கு 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். அதற்குப் பின் நல்ல மழையிலும் அணையவில்லை.

பேட்டரி மட்டும் தனியாக 12.6 வோல்ட் என்று நன்றாகவே காட்டியதால்தான் யாருக்கும் எர்த் வயர்மேல் சந்தேகம் வரவில்லை. இசியு இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் இவ்வளவு துருவுக்கெல்லாம் அசராது, உதைத்தால் கிளம்பிவிடும். இந்த பைக்கில் மின்னழுத்தம் கொஞ்சம் சரிந்தாலும் இசியு குழம்பிவிடுகிறது. அந்தப் பழியும் இசியு மேலேயே! பல ஆயிரம் ரூபாய் பாகத்தை மாற்றச் சொன்னவர்கள் ஒரு ஸ்பேனரை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

எதிர்பாராத ஒன்று: கோளாறு போன பிறகும் இன்ஜின் விளக்கு உடனே அணையவில்லை. பயப்பட வேண்டாம், கோளாறு இல்லாமல் சில முறை ஓட்டிய பிறகு தானாகவே அணைந்தது.