கூகுள் ஸ்கொலரில் ஒரு எண், ஸ்கோபஸில் வேறு எண்: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

கொட்டகலை டொக்டர்:
வணக்கம். வாதநோயியலில், அதாவது மூட்டு, தசை நோய்கள் பற்றிய துறையில், ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் கொட்டகலை, வேலை கண்டியில். விரிவுரையாளர் பதவிக்கான விண்ணப்பத்தில் மொத்த மேற்கோள்களையும் எச்-இன்டெக்ஸையும் கேட்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் தளங்களைப் பார்த்தேன்: கூகுள் ஸ்கொலரில் எச்-இன்டெக்ஸ் 11 (தலா 11 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட 11 கட்டுரைகள் என்று பொருள்), ஸ்கோபஸில் 5. ஸ்கோபஸில் எனக்கு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன: கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பெயரோடு எழுதியவை ஒன்றில், கணவரின் பெயரோடு எழுதியவை மற்றதில். கூகுளில் என் பெயரே கொண்ட வேறொருவரின் மண்ணியல் கட்டுரைகளும் என் கணக்கில் ஏறியிருக்கின்றன. இன்னொரு கவலையும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்களின் கைமூட்டு வலி பற்றிய கட்டுரைக்குத்தான் அதிகம் உழைத்தேன். அதற்குத்தான் மேற்கோள் மிகக் குறைவு.

பேராதனை நூலகர்:
டொக்டர், முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் இதழ்களின் படிவம் அதைக் கேட்டே தீரும். அந்த இடத்தில் ஒரு தடவை அப்பா பெயரையும் அடுத்த தடவை சொந்தப் பெயரையும் போட்டால், உழைத்தவர் ஒருவர், கணக்கில் இரண்டு பேர். மலையகத்திலிருந்து முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வாளர்களுக்கான ஓர்சிட் (ORCID) தளத்தில் 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கும். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் அதில் பதியுங்கள். ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்பலாம், அதற்குச் சந்தா வேண்டியதில்லை. கூகுளில் மண்ணியல் கட்டுரைகளை நீக்கிவிட்டு, புதிய கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவை திரும்பவும் வந்து உட்காரும்.

கொட்டகலை டொக்டர்:
மிக்க நன்றி. கூகுளில் நீக்கியதும் 9 ஆகிவிட்டது. ஸ்கோபஸ் இரண்டையும் இணைத்துவிட்டது, இப்போது 7. இன்னும் ஏன் வித்தியாசம்? யூலார் (ஐரோப்பிய வாதநோயியல் கூட்டமைப்பு) மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கமும் அதன் முழுக் கட்டுரையும் கூகுளில் தனித்தனியாக நிற்கின்றன. அவற்றையும் இணைக்கலாமா?

பேராதனை நூலகர்:
வேண்டாம். யூலார் சுருக்கங்கள் ஆனல்ஸ் ஒஃப் த ருமாட்டிக் டிசீசஸ் இதழின் இணைப்பாக வெளிவருகின்றன. அவை வேறு வெளியீடு. சேர்த்தால் முழுக் கட்டுரையின் கணக்கு பொய்யாக உயரும். மிச்ச வித்தியாசம் இயல்பானது. ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் கட்டுரைகள்), பல்கலைக்கழகக் களஞ்சியங்கள் எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோள்களைக் கூகுள் எண்ணுகிறது. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களை முதன்மையாக வைத்தே எண்ணுகிறது.

வாதநோய் அக்கா:
தங்கச்சி, குறைந்த மேற்கோளை வைத்து அந்தக் கட்டுரையைக் குறைத்து எடைபோடாதீர்கள். ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டழற்சி நோயை வகைப்படுத்தும் 2010 அளவுகோல்களைப் பாருங்கள். நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வுகள் பெரும்பாலும் அதை மேற்கோள் காட்டியே ஆகவேண்டும், அதனால்தான் அதன் மேற்கோள் எண் அவ்வளவு பெரிது. அதுவும் ஒரே கட்டுரை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களில் வந்தது, மேற்கோள்களும் இரண்டு பதிவுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அதோடு ஒரு களஆய்வை ஒப்பிடுவது நியாயமே இல்லை. எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்த ஹிர்ஷ் என்ற இயற்பியலாளரே, துறைக்குத் துறை அது மாறும் என்று எழுதியிருக்கிறார்.

ஊர் ஊராகப் போய் மூட்டுவலியைக் கணக்கெடுக்கும் வேலைக்கு நம் துறையில் மரியாதையான மரபு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் வாதநோய்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பும் 1981இல் தொடங்கிய காப்கார்ட் திட்டம் அதற்காகவே வந்தது. மகாராஷ்டிராவின் பிக்வான் கிராமத்தில் 1996இல் நடந்த கணக்கெடுப்பு அந்த வழியில் வந்ததுதான். உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் யார், எதற்குக் காட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தோட்டத் தொழிலாளரைப் பற்றி வேறு யாராவது அதை வைத்து ஆய்வு செய்திருந்தால், அதை விண்ணப்பத்தில் இரண்டு வரியில் எழுதுங்கள். தேர்வுக் குழுவில் இருக்கும் வைத்தியர்களுக்கு அது புரியும்.

கொட்டகலை டொக்டர்:
பார்த்தேன் அக்கா. தேயிலைத் தொழிலாளர் பற்றிய ஓர் இந்திய ஆய்வு, நான் தயாரித்த கேள்வித்தாளையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. எனக்கு இது தெரியவே தெரியாது! இதை எழுதுகிறேன். எண்களில் ஸ்கோபஸ் 7ஐ மட்டும் போடட்டுமா?

பேராதனை நூலகர்:
படிவத்தில் எந்தத் தரவுத்தளம் என்று குறிப்பிடாவிட்டால் இரண்டையும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த திகதியையும் எழுதுங்கள். ஓர்சிட் எண்ணை உங்கள் பெயருக்குக் கீழேயே வையுங்கள், பழைய பெயரில் வந்த கட்டுரைகளும் உங்களுடையவை என்று அப்போதுதான் குழுவுக்குத் தெரியும்.