சோற்றில் பச்சையாக எது தெரிந்தாலும் தட்டைத் தள்ளுகிறாள்: என்ன செய்வது?

பட்டுக்கோட்டை மருமகள்:
என் மகளுக்கு இரண்டரை வயது. பத்தாம் மாதத்தில் பருப்பும் கீரையும் பிசைந்து ஊட்டினால் கிண்ணத்தைக் காலி செய்தவள். இப்போது சோற்றில் பச்சைத் துணுக்கு ஒன்று கிடந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். அவரைக்காய், கேரட், முட்டை எதுவும் ஆகாது. தயிர்சாதம், அப்பளம், பிஸ்கட், பால், இவ்வளவுதான் அவள் உலகம். மாமியார் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆட்டுக்குட்டி வரை நடந்து ஊட்டுகிறார். நான் கைப்பேசியைக் காட்டி ஊட்டுகிறேன், மறைக்க விரும்பவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு முடிய ஒன்றேகால் மணி நேரம். ‘ஒரு வாய் கீரை வாங்கினால் சாக்லேட்’ என்று பேரம் பேசினேன். இப்போது சாக்லேட் கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறாள், அதுவும் துப்புவதற்கு. எங்கே தவறினேன்?

கோவை அப்பா:
முருங்கைக்கீரையை அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடுங்கள். என் மகன் ‘பச்சை தோசை’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:
முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா, இது உங்கள் தவறு அல்ல. தவழும் வயதில் கொடுத்ததையெல்லாம் விழுங்கும் பிள்ளை, இரண்டு வயதுக்கு மேல் புதியதைச் சந்தேகப்படத் தொடங்கும். பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான்.

32 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன். வீட்டில் காயைக் கண்டால் அழும் பிள்ளை எங்கள் மையத்தில் சாப்பிட்டது என்றால் தாய்மார் நம்பமாட்டார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்துத் தட்டைப் பார்த்துத்தான் கை போகும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மூன்று வாரம் முட்டையை உருட்டி விளையாடிக்கொண்டே இருந்தான். வாரத்துக்கு மூன்று முட்டை. ஆக ஒன்பது வீண். பத்தாவது முட்டையைப் பக்கத்துப் பெண் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் கடித்துவிட்டான். எட்டு, பத்து முறை காட்டினால்தான் பல பிள்ளைகளுக்கு ஒரு ருசி பழகும். பதினைந்து முறை ஆனவர்களும் உண்டு. நாமோ மூன்றாம் நாளே ‘இவளுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

தோசையில் அரைப்பதை நான் குறை சொல்லவில்லை, சத்து உள்ளே போகும். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தோசை பழகுமே தவிர கீரை பழகாது. கீரை உருவும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சிந்தட்டும், கசக்கட்டும், ‘சாப்பிடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தட்டில் அரைக் கரண்டி, ஓரமாக. தின்றால் கைதட்டவும் வேண்டாம், மிச்சம் வைத்தால் முகம் சுளிக்கவும் வேண்டாம். சாக்லேட்டைப் பரிசாக்கினால் கீரை தண்டனையாகிவிடும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். ஆட்டுக்குட்டி அதன் வேலையைப் பார்க்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் கீரையை விரும்பித் தின்பவர் யார்?

ஒரு செவிலியர்:
ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று அளந்து பாருங்கள். அரை லிட்டரைத் தாண்டினால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையலாம். சாப்பாட்டுக்கு முன் ஒன்றரை மணி நேரம் பாலும் பிஸ்கட்டும் வேண்டாம். எடை ஏறாமல் நின்றாலோ, வெளிறித் தெரிந்தாலோ, விழுங்கத் திணறினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பட்டுக்கோட்டை மருமகள்:
பாலை அளந்தேன், முக்கால் லிட்டர்! நான் கொடுப்பது மாமியாருக்குத் தெரியாது, அவர் கொடுப்பது எனக்குத் தெரியாது.

அங்கன்வாடி அம்மா கேட்ட கேள்விதான் இரண்டு நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. நேற்று இரவு கவனித்தேன். கணவர் பொரியலைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுக் கை கழுவினார். நான் அடுப்படியில் நின்றபடியே மிஞ்சிய சோற்றில் சாம்பாரை ஊற்றி விழுங்கினேன். எங்களில் ஒருவர் உட்கார்ந்து கீரை தின்று அவள் பார்த்ததே இல்லை.

இன்று காலை முருங்கைக்கீரை உருவ அவளை உட்கார வைத்தேன். பாதி தரையில், பாதி அவள் தலையில். ஓர் இலையை வாயில் போட்டு மென்றுவிட்டு என் புடவையில் துப்பினாள். ஒன்று என்று எண்ணி வைத்திருக்கிறேன். மதியம் எல்லோரும் ஒன்றாக உட்காரப்போகிறோம். கணவருக்கும் அரைக் கரண்டிதான், ஓரமாக.