மலைவளைவுகளில் ஓட்டுவதற்குப் பந்தயத் தடப் பயிற்சி உதவுமா?

கேள்வி:
பன்னிரண்டு ஆண்டுகளாகப் பைக் ஓட்டி வருகிறேன். ஆயினும் சென்ற மாதம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியபோது, இடப்பக்க வளைவொன்றின் நடுவே அஞ்சி முன் பிரேக்கை இறுக்கிவிட, வண்டி நிமிர்ந்து எதிர்த்தடத்துக்கே போய்விட்டது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடைபெறும் பயிற்சி வகுப்புகள் சாலையில் மட்டுமே ஓட்டுபவருக்குப் பயன்படுமா?

மறுமொழி 1:
நிச்சயமாகப் பயன்படும், நண்பரே. நான் அங்கே கற்றது வேகத்தைவிடப் பார்வையைப் பற்றித்தான். அச்சத்தில் கண் எங்கே நிலைக்கிறதோ, வண்டியும் அங்கேயே செல்லும். வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்து, வளைவு முடியும் இடத்தை நோக்கித் தலையைத் திருப்பி, பின்னர் ஆக்சிலரேட்டரைச் சீராகத் திறக்க வேண்டும் என்பது படித்தால் எளிதாகத் தோன்றும். பயிற்சியாளர் பின்தொடர்ந்து வந்து திருத்தும்போதுதான் நம் தவறான பழக்கம் நமக்கே புலப்படுகிறது.

மறுமொழி 2:
அதற்கும் முன்பாகப் பிரேக் பிடிக்கப் பழகுங்கள் என்பேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறோம். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல், எடை முன்சக்கரத்தின்மீது இறங்க இறங்கப் படிப்படியாக அழுத்த வேண்டும். ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு அது மாற்றாகாது. ஆளில்லாத மைதானத்தில், 30 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதலில் மைதானம், பிறகு பயிற்சி வகுப்பு, அதற்குப் பின்னரே கொல்லிமலை என்று முடிவு செய்திருக்கிறேன்.