சோலார் பார்க்கா, மொட்டை மாடியா? எங்கள் குடும்பக் குரூப்பில் நடந்த பேச்சு

சித்தி: ராமநாதபுரம் மாவட்டம் கமுதில 648 மெகாவாட் சோலார் பிளான்ட் இருக்கு, அங்கருந்து கரன்ட் வரும்போது வீட்டுக்கு வீடு மாடியில தனியா எதுக்குன்னு தெருவுல கேக்குறாங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 760 யூனிட் ஆகுது. 3 கிலோவாட் போடச் சொல்றாங்க.

அத்தான்: செலவு மட்டும் பாத்தா பெரிய பிளான்ட்தான் அத்தை. ஒரு மெகாவாட் இப்ப நாலு, நாலரைக் கோடில முடியுது. கிலோவாட்டுக்கு 40,000 - 45,000 வருது. மாடியில போட்டா கிலோவாட் 60,000-க்கு மேல. ஸ்ட்ரக்சர், ஆள் கூலி, மீட்டர் எல்லாம் சின்ன அளவுல வாங்கறதால விலை ஏறும்.

அத்தான்: பராமரிப்பும் அப்படித்தான். கமுதில ரோபோ தினமும் பேனலத் தொடைக்குது. வீட்டு மாடில மூணு மாசம் யாரும் ஏறிப் பாக்க மாட்டாங்க.

மாமா: மாப்பிள்ளை சொல்றது பேனல் வரைக்கும் சரி. செலவு அதோட நிக்கல. 400 கேவி (கிலோவோல்ட்) சப்ஸ்டேஷன், லைன், அப்புறம் 230, 110, 33, 11-ன்னு எறக்கி எறக்கித் தெருவுக்குக் கொண்டு வரணும். ஒவ்வொரு படியிலயும் காசும் போகுது, கரன்ட்டும் போகுது.

மாமா: கமுதி 2016-ல எட்டே மாசத்துல முடிஞ்சுச்சு. சுமார் 2,500 ஏக்கர், 4,550 கோடி. பேனல் போடுற வேகத்துக்கு டவர் லைன் போட முடியாது. ஒவ்வொரு டவருக்கும் நெலம், ஒவ்வொரு வயலுக்கும் வழி கேக்கணும். ராஜஸ்தான்ல 2025-ல இதுதான் நடந்துச்சு. பிளான்ட் ரெடி, எடுத்துட்டுப் போக லைன் பத்தல. நல்ல வெயில் நேரத்துல உற்பத்தியக் கொறைக்கச் சொன்னாங்க.

அக்கா: நம்ம மாநிலத்துலயும் கொறைக்கச் சொல்லி வழக்கு ஓடுச்சே மாமா.

மாமா: ஆமாம்மா. 2021 ஆகஸ்ட்ல மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிருச்சு. கிரிட், அதாவது மொத்த மின் கட்டமைப்போட, பாதுகாப்புக்காக மட்டுந்தான் சோலார நிறுத்தலாம், வேற எடத்துல மலிவாக் கிடைக்குதுன்னு நிறுத்தக் கூடாதுன்னு. கமுதிக்கு ஒப்பந்த விலை யூனிட் 7.01 ரூபா. அடுத்த வருஷமே, 2017 மே மாசம், ராஜஸ்தான் பட்லா ஏலம் 2.44-க்குப் போச்சு. விலை இப்படி எறங்கும்போது பழைய ஒப்பந்தக்காரன நிறுத்திவைக்கத் தோணத்தான் செய்யும்.

நான்: அப்ப உள்ளூர் உற்பத்திதான் சரியா மாமா?

மாமா: அப்படி மொத்தமாச் சொல்ல மாட்டேன். மதியம் 12 மணிக்கு அந்தக் கரன்ட்டத் திங்க ஆள் எங்க இருக்குன்னு பாரு. அதுதான் முடிவு பண்ணும். மில்லு, பேக்டரி, பெரிய நகரம்னா மெகாவாட் கணக்குல வேணும், அதை மாடில வெச்சு முடிக்க முடியாது. நம்ம தெருவுல மதியம் பாதி வீடு பூட்டிக் கெடக்கு.

மாமா: பத்து வீட்டுல 3 கிலோவாட் போட்டா என்ன ஆகும் தெரியுமா? எல்லாரும் ஒரே நேரத்துல லைனுக்குத் தள்ளுவாங்க. கரன்ட் திரும்பி டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகுது. அப்படின்னா வீட்டுல வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர விட ஒசந்தாத்தான் போகும். அங்க 238 இருந்தா கடைசி வீட்டுல 255-ஐத் தாண்டும். பேனல் கரன்ட்ட வீட்டுக் கரன்ட்டா மாத்துற இன்வர்ட்டர் "கிரிட் ஓவர் வோல்டேஜ்"னு காட்டிட்டு டிரிப் ஆயிரும். வெயில் உச்சத்துலதான் ஆகும், அதான் கொடுமை.

அக்கா: இதுல பாதி கேஸ் லைன் மேல தப்பே இல்ல மாமா. இன்வர்ட்டர்ல இருந்து மீட்டருக்கு மெல்லிசு ஒயர் இழுத்துருப்பாங்க. 3 கிலோவாட்னா 13 ஆம்ப். 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர்ல 30 மீட்டர் போனா அந்த ஒயர்லயே 6 வோல்ட் கிட்ட ஏறும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டா இரண்டரை வோல்ட்டுக்குள்ள நிக்கும். முதல்ல இதப் பாக்கணும், அப்புறம் சர்வீஸ் ஒயர் ஜாயின்ட்.

மாமா: கரெக்ட். அதுக்கும் மேல இருந்தா, எல்லா வீடும் ஒரே பேஸ்ல இருக்கான்னு பாத்துப் பிரிச்சுவிடணும். டிரான்ஸ்ஃபார்மர்ல டேப் (வோல்டேஜ ஏத்தி எறக்குற படி) இருந்தா, சப்ளைய நிறுத்திட்டு ஒரு படி எறக்கலாம், ஒரு படி 2.5 சதவீதம். ஆனா மதியத்துக்கு எறக்குனா ராத்திரி 8 மணிக்கு ஏசி ஓடும்போது அதே வீட்டுக்கு லோ வோல்டேஜ். ரெண்டு நேரத்துக்கும் ஒத்துவர்ற படியத்தான் தேடணும்.

சித்தி: அண்ணே, கரன்ட் போனா மாடில இருக்குறது ஓடுமா?

அக்கா: ஓடாது சித்தி. ஆன்-கிரிட், அதாவது லைனோட சேந்து ஓடுற இன்வர்ட்டர், லைன் செத்தா தானும் நின்னுரும். கம்பத்துல வேலை பாக்குறவர் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு. கட்டாயம் ஓடணும்னா பாட்டரியோடயும் ஓடுற ஹைப்ரிட் இன்வர்ட்டர், லித்தியம் பாட்டரின்னு இன்னொரு லட்சத்துக்கு மேல ஆகும்.

அத்தான்: பாட்டரி வெச்சு லைன விட்டே தனியா நிக்கறதுக்கு பீகார் தர்னாய் கிராமத்தப் பாக்கணும். 2014-ல 100 கிலோவாட் மைக்ரோகிரிட், ஊருக்குள்ளயே தனி மின் அமைப்பு. கொஞ்ச நாள்ல சர்க்கார் லைன் வந்துச்சு, அதோட ரேட் கம்மி. ஜனங்க அங்க மாறிட்டாங்க. பாட்டரி ஆயுசு முடிஞ்சதும் புதுசா மாத்தப் பணம் இல்ல. அப்படியே நின்னுபோச்சு.

நான்: சோலார் கிராமம்னு சொல்றாங்களே, அந்த மொதேரா மட்டும் எப்படி ஓடுது?

அத்தான்: குஜராத் மொதேரால லைன விடல. ஊருக்குப் பக்கத்துல 6 மெகாவாட் தரையில, 15 மெகாவாட்-அவர் பாட்டரி ஒரே எடத்துல, 1,300 வீட்டுக்கு மேல மாடில 1 கிலோவாட். 2022 அக்டோபர்ல சோலார் கிராமம்னு அறிவிச்சாங்க. பாட்டரி ஒரே எடத்துல இருக்குறதால பராமரிக்க முடியுது. அரசாங்கப் பணம்ங்கறதையும் மறக்கக் கூடாது.

மாமா: என்னையக் கேட்டா நம்ம ஊருக்குப் பொருந்துறது இடைப்பட்ட அளவு. 33/11 கேவி சப்ஸ்டேஷன் பக்கத்துல 500 கிலோவாட்ல இருந்து 2 மெகாவாட். விவசாயிகளுக்கான மத்திய அரசோட குசும் சோலார் திட்டத்துல அந்த அளவுதான். 2 மெகாவாட்டுக்கு எட்டுப் பத்து ஏக்கர் தரிசு போதும். 11 கேவிலயே சேத்துரலாம், டவர் லைன் வேண்டாம். பம்புசெட்டு பகல்ல ஓடுது, அந்த பீடர்லயே (சப்ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குப் போற லைன்) கரன்ட் தீர்ந்துரும். ராத்திரி மும்முனைக்குக் காத்திருந்து பாம்புக்கு நடுவுல மோட்டார் போடப் போற வேலையும் போகும். மகாராஷ்டிரால இதே முறைல 16,000 மெகாவாட்டுக்கு எறங்கிருக்காங்க.

மாமா: நெலத்த விக்கவும் வேண்டாம். கர்நாடகா பாவகடால 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட், முழுக்க விவசாயிகிட்ட குத்தகை. ஏக்கருக்கு வருஷம் 21,000-ல ஆரம்பிச்சாங்க. நெலம் அவங்க பேர்லயே இருக்கு. ஆனா நெலமில்லாத கூலிக்காரங்களுக்குக் குத்தகையும் இல்ல, காட்டு வேலையும் இல்லன்னு ஆச்சு. எங்க போட்டாலும் இத யோசிக்காமப் போடக் கூடாது.

சித்தி: சரி, என் வீட்டுக்கு வாங்க. 3 கிலோவாட் போடவா வேண்டாமா?

அக்கா: 2 போதும் சித்தி. நம்ம பக்கம் கிலோவாட்டுக்கு சராசரி ஒரு நாளைக்கு 4 யூனிட். 2 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு 480. உங்க 760-ல கழிச்சா 280. 500-க்குக் கீழ வந்ததும் எட்டு, ஒம்பது ரூபா யூனிட் எல்லாம் போயிரும், கீழ இருக்குற ஸ்லாப் ரேட்டும் கொறையும். பில்லுல 4,000 கிட்ட மிச்சம்.

அக்கா: மூணாவது கிலோவாட் போட்டா 280 போய் 40 ஆகும். ஆனா அந்த 280-ல முதல் 100 எப்படியும் இலவசம், மிச்சம் மலிவு யூனிட். மிச்சமாகறது 600 ரூபா சொச்சம்தான். மத்திய அரசு மானியமும் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூணுக்கு 78,000. மூணாவதுக்கு 18,000 மட்டும். 2 கிலோவாட் போட்ட காசு மூணு நாலு வருஷத்துல வந்துரும், மூணாவது பத்து வருஷம் தாண்டும்.

மாமா: ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீட்டுக்கு மாடி சோலாரே வேண்டாம்னு சொல்லிருவேன்.

நான்: அக்கா, கொட்டேஷன்ல என்னென்ன பாக்கணும்?

அக்கா: 540 வாட் பேனல் நாலு, 200 சதுர அடி நிழல் இல்லாத எடம். தெற்கு பாத்து 10 டிகிரி சாய்வு. செல்லும் பேனலும் உள்நாட்டுத் தயாரிப்பா இருக்கணும், அதுக்குச் சான்றிதழ் வாங்கணும், இல்லன்னா மானியம் வராது. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்ல, அதுக்குத் தனியாப் பணம் கேட்டா குடுக்காதீங்க. எர்த் குழி மூணு: டிசி (பேனல்) பக்கம் ஒண்ணு, ஏசி (வீட்டு லைன்) பக்கம் ஒண்ணு, இடிதாங்கிக்குத் தனி.

அக்கா: பேனல் ஒயர இணைக்கிற எம்சி4 கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியா இருக்கான்னு கையில எடுத்துப் பாருங்க. வேற வேற கம்பெனியச் சொருகுனா உள்ள தொடர்பு லூசாகி சூடேறும், பிளாஸ்டிக் உருகும். டிசில பொறி வந்தா லேசுல அணையாது. மாடித் தீயில இத நெறைய பாக்கலாம்.

சித்தி: தண்ணித் தொட்டி மாடில நடுவுல இருக்கேம்மா.

அக்கா: அப்ப பேனல் தொட்டிக்குத் தெக்கால வரணும். வடக்கால போட்டா டிசம்பர்ல உச்சி நேரத்துலயே தொட்டி உயரத்துல மூணுல ரெண்டு பங்கு நீளத்துக்கு நிழல் விழும், காலைல 9-க்கு அதவிட நீளம். நாலும் ஒரே வரிசைல சேந்துருக்குறதால ஒரு பேனல் மேல நிழல் விழுந்தாலும் மொத்தமாக் கொறையும்.

மாமா: நாளைக்கு மதியம் 12 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் மீட்டர் பக்கத்துல வோல்டேஜ் பாத்து இங்க போடு தங்கச்சி. அந்தத் தெருவுல ஏற்கெனவே எத்தன வீட்டுல பேனல் இருக்குன்னும் எண்ணிச் சொல்லு.