பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழு: ஜேன் கௌஷிக் வழக்கில் நாளை தீர்ப்பு

16 அக்டோபர் 2025, இரவு

கார்த்தி: நாளை காலை உச்ச நீதிமன்றத்தில் ஜேன் கௌஷிக் வழக்கின் தீர்ப்பு. அவர் ஒரு டீச்சர், திருநங்கை என்பதால் இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை போனது என்று 2023ல் போட்ட வழக்கு. நீதிபதிகள் பர்திவாலா, நம்ம சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன மகாதேவன். என்ன வரும், சொல்லுங்கள்.

ரவி மாமா: தள்ளுபடி ஆகும்டா. தனியார் பள்ளி அரசு கிடையாது. அடிப்படை உரிமைக்கு நேராக உச்ச நீதிமன்றம் போகலாம் என்கிற அரசியலமைப்பின் 32வது பிரிவைப் பிடித்துக்கொண்டு டெல்லிக்குப் போனால், ஹைகோர்ட்டுக்குப் போ என்றுதான் சொல்வார்கள்.

கார்த்தி: 2019ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு, தனியார் என்ற பேதமே இல்லை மாமா, திருநர்களிடம் வேலையில் பாகுபாடு யார் காட்டினாலும் குற்றச்சாட்டு நிற்கும். அதோடு மத்திய அரசும் உ.பி., குஜராத் அரசுகளும் பிரதிவாதிகள், சட்டம் போட்டுவிட்டு என்ன செய்தீர்கள் என்று அவர்களைக் கேட்கலாமே. என் கணக்கு: குஜராத்தின் ஜாம்நகர் பள்ளி மாட்டும், உ.பி.யின் லக்கிம்பூர் கேரி பள்ளி தப்பிக்கும்.

செல்வி: ஏன் அப்படி?

கார்த்தி: லக்கிம்பூரில் வேலை கொடுத்து எட்டு நாள் பாடம் நடத்தவிட்டார்கள், பிறகு பாடம் சரியில்லை என்கிறார்கள். அது பொய் என்று நிரூபிப்பது கஷ்டம் அக்கா. ஜாம்நகரில் விவரம் தெரிந்ததும் சேர்க்கவே இல்லை. வகுப்புக்குள் கால் வைக்காதவரைப் பற்றி என்ன குறை சொல்ல முடியும்?

விஜயா அத்தை: முப்பத்தொரு வருஷம் பள்ளியில் இருந்தவள் சொல்கிறேன். எட்டு நாளில் எந்த டீச்சரையும் எடை போட முடியாது, பிள்ளைகள் பெயரே மனசில் நிற்காது. எனக்கு முதல் வாரம் சாக்பீஸ் பிடித்த கை நடுங்கி, போர்டில் எழுத்தெல்லாம் கீழே சரிந்துகொண்டே போகும், கடைசி பெஞ்சு சிரிக்கும். ஹெச்.எம். பார்த்துவிட்டு மறுநாள் வந்து பின்னால் உட்கார்ந்து, பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அப்படி யார் இருந்தார்கள்? லக்கிம்பூரையும் விடக் கூடாது.

ரவி மாமா: அக்கா, மனசு வேறு சாட்சியம் வேறு.

கார்த்தி: 2015ல் நம்ம ஊர் திருநங்கை பிரித்திகா யாஷினிக்கும் இப்படித்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். போலீஸ் எஸ்.ஐ. விண்ணப்பத்தில் அவருக்கு இடமே இல்லை, ஹைகோர்ட் வரை போய்த்தான் வேலை வாங்கினார்.

17 அக்டோபர் 2025

கார்த்தி: வந்துவிட்டது!! ஜாம்நகர் பள்ளி 50,000 ரூபாய் கொடுக்க வேண்டும். மத்திய அரசு, உ.பி., குஜராத் தலா 50,000. லக்கிம்பூர் பள்ளி மேல் குற்றம் காணவில்லை.

ரவி மாமா: சரி, நான் சொன்னது தப்பு. அரசையே கட்டச் சொன்னது பெரிய விஷயம்தான்.

கார்த்தி: சட்டத்தைச் செயல்படுத்தாமல் சும்மா இருந்ததும் பாகுபாடுதான் என்று சொல்லிவிட்டார்கள் மாமா. ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழு, வேலையில் சம வாய்ப்புக்கான கொள்கையை எழுதித் தரப் போகிறது. திருநர் உரிமைக்காகப் போராடும் நம்ம கிரேஸ் பானுவும் அதில் இருக்கிறார்.

விஜயா அத்தை: ரொம்ப சந்தோஷம்பா. ஆனால் 2022ல் ஒரு வேலை, 2023ல் இன்னொரு வேலை போய், 2025ல்தான் பணம். நடுவில் மூன்று வருஷம் வாடகைக்கும் சோற்றுக்கும் என்ன செய்திருப்பாள் என்றுதான் எனக்கு ஓடுகிறது. அந்த எட்டு நாளுக்கு லக்கிம்பூர் பள்ளி ஒரு ரூபாய்கூட நஷ்டஈடு தர வேண்டாம் என்பதும் ஆறவில்லை.

செல்வி: கார்த்தி, திருநர்களின் புகாரைக் கேட்கப் புகார் அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டுமாமே, எல்லாப் பள்ளியிலுமா?

கார்த்தி: எல்லா நிறுவனத்திலும் அக்கா. 2019 சட்டத்திலேயே உண்டு, இப்போது நீதிமன்றமும் உத்தரவு போட்டிருக்கிறது.

செல்வி: எங்கள் ஸ்டாஃப் ரூம் போர்டில் பஸ் ரூட், தேர்வு அட்டவணை, பிறந்தநாள் பட்டியல் எல்லாம் இருக்கிறது. அப்படி ஒரு பெயரை நான் பார்த்ததே இல்லை.

விஜயா அத்தை: தீபாவளி முடிந்து திறந்ததும் பிரின்சிபாலிடம் கேள். வாயால் கேட்காதே, எழுதிக் கொடு. நான் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை பலகாரம் எடுக்க வரும்போது வாங்கிக்கொள்.

செல்வி: சரி அத்தை. கையெழுத்துப் போட இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கப் பார்க்கிறேன்.