துத்தநாக முலாம் போட்டதும் தண்டு துளைக்குள் போகவில்லை: வேறு எந்த முலாம் சரி?

கணபதி லேத் பட்டறை:
கோவை கணபதியில் சிறு பட்டறை நடத்துகிறேன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை இயந்திரத்துக்கு, இஎன்-8 (நடுத்தரக் கார்பன் எஃகு) இரும்பில் 20 மி.மீ. மூட்டுத் தண்டுகள் 200 கேட்டிருக்கிறார்கள். வார்ப்பிரும்பு புஷ்ஷுக்குள் (தண்டைத் தாங்கும் உருளை உறை) ஓயாமல் அசையும் தண்டு. வரைபடத்தில் தண்டுக்கு ஜி6, துளைக்கு எச்7 (அளவு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதற்கான குறியீடுகள்). முலாம் பற்றி "துருப்பிடிக்கக் கூடாது" என்ற ஒரே வரிதான்.

முதல் 40 தண்டுகளை ஜி6-க்குள் கிரைண்டிங் செய்து, 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துத்தநாக முலாம் போட்டு வாங்கினேன். மைக்ரோமீட்டர் 20.008 காட்டுகிறது. கையால் தள்ளினால் பாதியிலேயே இறுகி நின்றுவிடுகிறது. நாற்பதும் வீண்தானா? கருப்பு முலாம் (மேற்பரப்பையே கறுப்பு ஆக்சைடாக மாற்றுவது) போட்டிருக்க வேண்டுமா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

குறிச்சி சிட்கோ:
ஹார்டு குரோம் (கடினக் குரோமிய முலாம்) போடுங்கள். எங்கள் ஹைட்ராலிக் தண்டுகளுக்கு அதுதான். தேய்மானம் பற்றிக் கவலையே வேண்டாம்.

முலாம் தொட்டியருகே 22 ஆண்டு:
தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். நாற்பதும் பிழைக்கும்.

10 மைக்ரான் என்பது ஒரு பக்கத்துக்கு. விட்டத்தில் அது 20 மைக்ரான். ஜி6 தண்டு 19.980 முதல் 19.993 வரை. அதோடு 20 மைக்ரானைக் கூட்டிப் பாருங்கள், இடைவெளி முழுவதையும் முலாமே தின்றுவிட்டது. அளவு சரியாக வந்திருந்தாலும் இந்த இடத்துக்குத் துத்தநாகம் ஆகாது. மென்மையான உலோகம், அசையும் மூட்டில் உரசி உரசிப் போய்விடும். கருப்பு முலாம் ஒரு மைக்ரான் அளவுதான், அளவை மாற்றாது. ஆனால் துருவைத் தடுப்பது அதன்மேல் இருக்கும் எண்ணெய்தான். சாயப்பட்டறை ஆவியில் அந்த எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்?

குறிச்சி நண்பர் சொன்ன குரோம் தேய்மானத்துக்கு நல்லதே. ஆனால் விளிம்புகளில் தடித்துப் படியும், பிறகு மறுபடி கிரைண்டிங் செய்ய வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. சாயமேற்ற உப்பைக் கொட்டுகிற இடத்தில் உப்புநீர் அவற்றின் வழியாக இறங்கி, அடியிலிருந்தே துரு கிளம்பும்.

நான் எலக்ட்ரோலெஸ் நிக்கல்தான் போடுவேன். மின்சாரம் இல்லாமல் கரைசலில் தானாகப் படிவதால் மூலை, பள்ளம் எல்லாம் ஒரே தடிப்பு. 20 மைக்ரான் கேளுங்கள். இரண்டு மைக்ரான் முன்பின் ஆகலாம். விட்டத்தில் அது 36 முதல் 44 மைக்ரான் கூடும். எனவே முலாமுக்குப் பிறகு ஜி6 வர, முலாமுக்கு முன் தண்டு 19.944 முதல் 19.949 வரை இருக்க வேண்டும். உங்கள் நாற்பதிலும் துத்தநாகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழற்றிவிட்டால் பழைய ஜி6 அளவு திரும்பி வரும். அதிலிருந்து மேலும் கிரைண்டிங் செய்து இறக்க உலோகம் தாராளமாக இருக்கிறது.

இன்னொன்று: முலாம் கீறலை மூடாது, அப்படியே பிரதி எடுக்கும். தண்டின் நீளவாக்கில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டினால் முலாமுக்குப் பிறகும் தட்டும், அந்தக் கீறலின் விளிம்பு புஷ்ஷை அரம் போல் ராவும். மேற்பரப்பின் சொரசொரப்பு (ஆர்ஏ) 0.4 மைக்ரானுக்கு வந்த பிறகே முலாமுக்கு அனுப்புங்கள்.

கணபதி லேத் பட்டறை:
அண்ணா, மிக்க நன்றி. நகத்தை ஓட்டினேன். ஏழு தண்டுகளில் தட்டுகிறது. இரண்டு சந்தேகங்கள். முனையில் சர்க்ளிப் (தண்டு நழுவாமல் பிடிக்கும் வில் வளையம்) உட்காரும் பள்ளம் 1.3 மி.மீ. அகலம், நிக்கல் அதை அடைத்துவிடாதா? மீதி 160 தண்டுகளை இண்டக்‌ஷன் முறையில் (மின்காந்தச் சுருளால் மேற்பரப்பைச் சூடாக்கி உடனே குளிர்வித்து) கடினப்படுத்தச் சொல்கிறார்கள். அதனால் ஏதாவது மாறுமா?

முலாம் தொட்டியருகே 22 ஆண்டு:
இரு பக்கச் சுவரிலும் 20 மைக்ரான் படிந்து பள்ளம் 1.26 ஆகும். சர்க்ளிப் 1.2 தடிப்புதான், உட்காரும்.

கடினப்படுத்தினால் கட்டாயம் மாறும். அமிலக் குளியலிலும் முலாமிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். கடினமான இரும்பு அதனால் நொறுங்கும் தன்மை பெற்று, சுமை ஏறிய சில நாளில் சொல்லாமல் முறியும். முலாம் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி உலையில் வைத்து, பல மணி நேரம் சுட்டு எடுக்கச் சொல்லுங்கள். முலாம் பட்டறைக்கு அனுப்பும் சீட்டில் கடினத்தன்மையை எழுதிவிடுங்கள். தொட்டியருகே நிற்பவனுக்குத் தண்டைப் பார்த்து அது தெரியாது.