அந்தப் பையன்கள் முதலிலேயே சொல்லியிருந்தால்

திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன்:

ஆடிப்பெருக்குக்கு முந்தின ராத்திரி. அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. பெங்களூரில் படிக்கிற ஒரு பையன் ஊருக்கு வந்திருக்கிறான், கொள்ளிடக் கரைப் பக்கம் பம்புசெட் கொட்டகையில் பாட்டுப் போட்டு ஆடப்போகிறோம் என்றான். நானும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பையன்கள் அவனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து திண்ணையில் சாய்த்தார்கள். உடம்பு கொதிக்கிறது. விடாமல் பல்லைக் கடிக்கிறான், நறநறவென்று வாசல்வரை கேட்கிறது. கண்ணில் கறுமணி அகலமாக விரிந்திருந்தது. "குடிச்சானாடா?" என்றேன். "சத்தியமா இல்ல மாமா." வாயில் வாடை இல்லை, நம்பிவிட்டேன். அக்கா காத்துக்கருப்பு என்று திருநீறு பூசினாள். சூடு தணியட்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தோம். அவனும் மடக் மடக்கென்று குடித்தான். கொட்டகையிலேயே வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்புறம் தலைவலி, வாந்தி, பேச்சில் குழறல். ஒன்றரை மணிக்கு வலிப்பு வந்தது. 108ஐக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னை விட்டுவிட்டு, கூட வந்த பையனைத் தனியாக அழைத்து, "நான் போலீஸ் இல்ல தம்பி. என்ன போட்டான்னு தெரிஞ்சாத்தான் சரியா பார்க்க முடியும்" என்றார். அவன் அழுதுகொண்டே சூயிங்கம் தாளில் மடித்த பாதி மாத்திரையை எடுத்துக் கொடுத்தான். வெளிர்பச்சை. குழந்தைகள் தின்கிற மிட்டாய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எக்ஸ்டஸி என்கிற எம்டிஎம்ஏ, போதை மாத்திரை.

அது உடம்புச் சூட்டை ஏற்றும், களைப்புத் தெரியாமல் ஆடவைக்கும். அதோடு சிறுநீர் பிரியாமலும் தடுக்கும். அதனால் குடித்த தண்ணீரெல்லாம் உள்ளேயே நின்று ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கிவிடுகிறது. 135க்கு மேல் இருக்க வேண்டியது அவனுக்கு 118. பாசத்தோடு நாங்கள் ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் அவனைக் கீழே இழுத்திருக்கிறது. ஒரு மணி நேரம் அந்தப் பையன்கள் என் எதிரிலேயே நின்றார்கள். போலீஸ் வருமோ, வீட்டில் அடிப்பார்களோ என்ற பயத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலு நாள் ஐசியூ. கன்னத்தின் உள்பக்கம் கடித்துக் கிழிந்ததில் மோர்சாதம்கூட அவனால் விழுங்க முடியவில்லை. அப்புறம் சில நாள் காரணமில்லாமல் அழுதான். மாத்திரை மூளையில் மனநிலையைச் சீராக வைக்கிற செரோட்டோனின் என்ற ரசாயனத்தைக் காலி செய்துவிடும், மனசு சோர்ந்துதான் இருக்கும், தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ராத்திரியில் அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ்:

அண்ணா, உங்கள் மருமகன் துடித்ததால் பயந்து தூக்கிவந்தார்கள். நான் பார்த்த 16 வயதுப் பையன் அமைதியாகக் கிடந்தான். தூக்க மாத்திரையும் பிராந்தியும் சேர்த்துப் போட்டிருந்தான். குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தார்களாம். அது தூக்கக் குறட்டை இல்லை, மூச்சுக்குழாய் அடைபடுகிற சத்தம். எங்களிடம் வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. எழுப்பி எழும்பவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள், விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவன் அம்மா பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வார்டு வாசலில் நின்றார்.

கும்பகோணத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா:

போலீஸ் பயம் என்கிறீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ல் 64ஏ பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையாகி, சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததாலோ மாட்டியவர், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பெரிய அளவில் விற்றவனுக்கு இது கிடையாது. சிகிச்சைக்கு எங்கே போவது என்று கேட்க அரசின் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசலாம், காசில்லை.

தாய்மாமன்:

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களுக்கு: பாலிடெக்னிக் போகிறான். அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். அக்கா அவர்களோடு இன்னும் பேசவில்லை. காபி மட்டும் கொண்டுவந்து வைக்கிறாள்.